குழந்தைகள் இல்லத்தில் வளர்ந்த பிள்ளைகளுக்கு வழிகாட்டியாக இருப்பது எப்படி? புதிதாக வருகிறவர்களுக்கு

அந்தப் பையனுக்கு வயது பதினேழு. இல்லத்துச் சமையலறையில் அறுபது பேருக்கு அரிசி களைந்து உலை வைப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை, கண்காணிப்பாளரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு வீட்டுக்குக் கூட்டி வந்து, "உனக்கு மட்டும் சோறு வை" என்றேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அரிசி டப்பாவுக்கு முன்னால் நின்றுகொண்டே இருந்தான். "ஒரு ஆளுக்கு எவ்வளவுண்ணே?"

என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. எப்போது எழுவது, என்ன சாப்பிடுவது, எந்தச் சட்டை போடுவது என்று எல்லாவற்றையும் இன்னொருவர் முடிவு செய்த இடத்தில் வளர்ந்த பிள்ளைகள் இவர்கள். பதினெட்டு முடிந்ததும் அத்தனை முடிவுகளும் ஒரே நாளில் தலையில் வந்து விழும். அதற்கு முன்னால் ஒவ்வொன்றாக அவர்கள் கையில் கொடுத்துப் பழக்குவதுதான் நம் வேலை.

முதலில் அனுமதி

நேராக ஒரு இல்லத்துக்குப் போய் நிற்காதீர்கள். இல்லங்களைக் கவனிக்கும் அரசு அலுவலகமான மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் பேசி, அவர்கள் வழியாகப் போங்கள். காவல்துறைச் சரிபார்ப்பு கேட்டால் முகம் சுளிக்க வேண்டாம். பிள்ளையோடு செல்ஃபி எடுத்து ஸ்டேட்டஸ் வைக்கும் எண்ணம் இருந்தால் விட்டுவிடுங்கள். இளைஞர் நீதிச் சட்டம் 2015, பிரிவு 74 அவர்கள் அடையாளத்தை வெளியிடுவதைத் தடுக்கிறது. பிறந்தநாளுக்குப் பிரியாணிப் பொட்டலத்தோடு வந்து போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர்களை இந்தப் பிள்ளைகள் நிறையவே பார்த்திருக்கிறார்கள். ஆறு மாதத்தில் சலித்துவிடும் என்று தோன்றினால் தொடங்கவே வேண்டாம்.

பதினாறிலேயே காகிதங்களைப் பாருங்கள்

அலுப்பான வேலைதான், ஆனால் பின்னால் அதிகம் அடிபடுவது இதில்தான். ஒரு மாலை உட்கார்ந்து ஆதார், பள்ளி மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் மேசையில் பரப்புங்கள். பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா? இனிஷியல் முன்னால் இருக்கிறதா, பின்னால் இருக்கிறதா, இருக்கிறதா இல்லையா? பிறந்த தேதி பொருந்துகிறதா? ஒரு எழுத்து மாறினாலும் கல்லூரிச் சேர்க்கையிலோ வங்கியிலோ நிறுத்திவிடுவார்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாத பிள்ளை என்றால், வயதை நிர்ணயித்துக் குழந்தைகள் நலக் குழு போட்ட உத்தரவு கோப்பில் இருக்கிறதா என்று கேட்டு, ஒரு நகல் வாங்கி வையுங்கள்.

அடுத்து சாதிச் சான்றிதழ். பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று: பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, பார்த்துக்கொள்ள யாரும் இல்லாமல், அரசு நடத்தும் அல்லது அங்கீகரித்த பள்ளியிலோ இல்லத்திலோ சேர்க்கப்பட்ட பிள்ளைகள் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் தனிப் பிரிவாகவே இருக்கிறார்கள். யாருமில்லாத பிள்ளைக்குச் சாதிச் சான்றிதழ் எப்படி என்று கவுண்டரில் யாராவது கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

அப்புறம் ஓடிபி. நிறையப் பேருடைய ஆதாரில் வார்டனுடைய எண்ணோ இல்லத்தின் எண்ணோதான் பதிவாகியிருக்கும். வெளியே வந்த பிறகு ஒவ்வொரு ஓடிபிக்கும் பழைய வார்டனுக்குப் போன் போட்டுக் கெஞ்ச வேண்டும். அவர் மாற்றலாகிப் போயிருந்தால் தீர்ந்தது. பதினெட்டு ஆனதும் முதல் வேலை அவர்கள் பெயரில் சிம் கார்டு, இரண்டாவது வேலை ஆதாரில் அந்த எண். வாக்காளர் அட்டைக்குப் பதினேழு முடிந்ததுமே படிவம் 6 கொடுத்து வைக்கலாம்.

காசு: சின்னதாகத் தொலைக்க விடுங்கள்

பத்து வயது முடிந்த பிள்ளை தானே வங்கிக் கணக்கை நடத்த ரிசர்வ் வங்கி அனுமதிக்கிறது. எனவே பதினாறு வயதில் கணக்கு இல்லையென்றால் உடனே தொடங்குங்கள். பிறகு கையில் இருநூறு ரூபாய் கொடுத்துக் காய்கறிச் சந்தைக்கு அனுப்புங்கள். நீங்கள் கூடப் போங்கள், ஆனால் வாயைத் திறக்காதீர்கள். முதல் தடவை நான் கூட்டிப்போன பையன் நூற்றைம்பது ரூபாய்க்குத் தக்காளி மட்டும் வாங்கினான். இல்லத்தில் காய் கூடைக் கணக்கில் வந்துதான் பார்த்திருக்கிறான். மூன்று நாள் தக்காளிச் சாதம், தக்காளித் தொக்கு, தக்காளி ரசம். நாலாவது வாரம் கால் கிலோ கத்தரிக்காய்க்குப் பேரம் பேசினான்.

கூடவே கறாராக ஒன்றைச் சொல்லிக் கொடுங்கள். "உன் பேங்க் அக்கவுண்ட்டை மட்டும் கொடு, மாசம் இரண்டாயிரம் தர்றேன்" என்று யாராவது வருவார்கள். மோசடிப் பணம் அந்தக் கணக்கு வழியாகப் போகும், போலீஸ் தேடி வருவது கணக்குக்காரனைத்தான். கேட்க ஆளில்லாத பிள்ளை என்று தெரிந்தே வருகிறவர்கள் இவர்கள். கடன் ஆப்களும் அப்படியே.

ஒரு பூட்டும் இரண்டு சாவியும் வாங்கிக் கொடுத்துவிடுங்கள். அதுவரை சாவியே வைத்திருந்ததில்லை என்று ஒரு பெண் சொன்னாள். முதல் மாதத்தில் இரண்டு சாவியையும் தொலைத்தாள். திட்டாதீர்கள், இன்னொரு பூட்டு வாங்குங்கள்.

"அப்பா என்ன பண்றாரு?"

வீட்டுக்காரர் கேட்பார். வேலைக்கு எடுக்கிறவர் கேட்பார். பக்கத்து இருக்கைக்காரர் பஸ்ஸில் கேட்பார். நம்மூரில் இது சாதாரணப் பேச்சு, ஆனால் இவர்களுக்கு ஒவ்வொரு தடவையும் தொண்டை அடைக்கும். எனவே ஒத்திகை பாருங்கள். நீங்கள் வீட்டுக்காரர், அவர்கள் வாடகைக்கு வந்தவர்கள். "அப்பா இல்ல சார். ஹாஸ்டல்ல இருந்து படிச்சேன். இப்ப இங்க வேலை பாக்குறேன்" என்று மூன்று வாக்கியம் போதும். பொய்யும் வேண்டாம், முழுக் கதையும் வேண்டாம். யாரிடம் எவ்வளவு சொல்வது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். அவர்கள் கதையைக் கிண்டிக் கேட்கும் உரிமை உங்களுக்கும் கிடையாது.

பதினெட்டுக்குப் பிறகு

கதவு ஒரேயடியாக மூடிவிடுவதில்லை. இளைஞர் நீதிச் சட்டத்தின் 46ஆம் பிரிவு பிற்காப்பு உதவிக்கு, அதாவது இல்லத்தை விட்டு வந்த பிறகான உதவிக்கு, வழி செய்கிறது. 21 வயது வரை கிடைக்கும், தகுந்த காரணம் இருந்தால் மேலும் இரண்டு ஆண்டு நீட்டலாம். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய். ஆனால் தானாக வந்து சேராது. இல்லத்தை விட்டு வருவதற்குச் சில மாதம் முன்பே பாதுகாப்பு அலகில் விண்ணப்பிக்கச் சொல்லி, கூடப் போய் நில்லுங்கள். வரிசையில் நின்று பேச வேண்டியது அவர்கள். உங்கள் வேலை பக்கத்தில் நிற்பது மட்டும். அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகிறவர்கள் என்றால் மாதம் 1,000 ரூபாய்க்குப் பெண்களுக்குப் புதுமைப்பெண், ஆண்களுக்குத் தமிழ்ப்புதல்வன் இருக்கிறது. வேலைக்குப் போகும் பெண்களுக்குத் தமிழ்நாடு அரசின் தோழி விடுதிகளையும் விசாரியுங்கள்.

பொங்கல் லீவு

எந்தப் படிவத்திலும் இல்லாத விஷயம் இது. கல்லூரி விடுதி பொங்கலுக்கு மூடும், மெஸ்ஸும் மூடும். எல்லோரும் ஊருக்குப் பை கட்டுவார்கள். "உனக்கு எந்த ஊரு?" என்று அறைத்தோழன் கேட்பான்.

எனவே மார்கழி பிறந்ததும் போன் செய்து, "லீவுக்கு எங்க இருக்கப் போற?" என்று கேட்டுவிடுங்கள். நண்பன் வீடா, பழைய இல்லமா, உங்கள் வீடா என்று அவர்கள் சொல்லட்டும். உங்கள் வீடு என்றால் விருந்தாளியாக உட்கார வைக்காதீர்கள், கரும்பு வாங்க அனுப்புங்கள். அந்தப் பையன் போன வருஷம் வந்தான், இப்போது இருபது வயது. அடுப்படியில் என்னைத் தள்ளிவிட்டு அரிசி டப்பாவைத் திறந்தான். "எத்தனை பேருண்ணே?" என்றான். ஐந்து என்றேன். கண்ணளவிலேயே போட்டான்.