கத்தாமல் காலையும் மாலையும் கடக்க: சின்னக் குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு

பொறுமை இல்லாததால்தான் சத்தம் போடுகிறோம் என்று பெரும்பாலான பெற்றோர் தங்களையே நொந்துகொள்கிறார்கள். பொறுமை தீர்வது கடைசியில் நடப்பது. அதற்கு முன்பே நேரம் நெருக்கியிருக்கும், குழந்தைக்குப் பசித்திருக்கும், ஒரே விஷயத்தை ஆறு தடவை சொல்லி முடித்திருப்போம். மோதல் மூண்ட பிறகு செய்ய முடிவது கொஞ்சம். அதற்கு அரை மணி நேரம் முன்னால் செய்ய முடிவது நிறைய. கீழே உள்ளவை பெரும்பாலும் அந்த அரை மணி நேரத்தைப் பற்றியவை. ஒன்றரை வயது முதல் பத்து வயது வரை பொருந்தும். வயதுக்கேற்ப மாற்ற வேண்டிய இடங்களில் சொல்லியிருக்கிறோம்.

மூன்று நாள் எழுதிப் பாருங்கள்

ஒரு தாளில் நான்கு கட்டம் போடுங்கள்: மணி, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, நீங்கள் என்ன செய்தீர்கள், எப்படி முடிந்தது. ஒவ்வொரு தகராறுக்கும் ஒரு வரி போதும். மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தால், நாள் முழுக்கச் சண்டை என்று தோன்றியது இரண்டு மூன்று நேரங்களில் குவிந்திருப்பது தெரியும். பொதுவாக அவை காலையில் கிளம்பும் நேரம், மாலையில் வீடு திரும்பிய முதல் ஒரு மணி நேரம், படுக்கப் போகும் நேரம். எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் திருத்தப் பார்த்தால் எதுவும் நிலைக்காது. மிக மோசமான ஒரு நேரத்தை மட்டும் எடுத்து, இரண்டு வாரம் அதிலேயே வேலை செய்யுங்கள்.

சொல்லும் விதம்

வீட்டுச் சத்தத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது. சமையலறையிலிருந்து, "பொம்மையெல்லாம் எடுத்து வெச்சிட்டு, கை கழுவிட்டு, சாப்பிட வா" என்று குரல் கொடுக்கிறோம். விளையாட்டில் மூழ்கியிருக்கும் நான்கு வயதுக் குழந்தையின் காதில் அது விழுந்தாலும் மனதில் பதிவதில்லை. மூன்று வேலைகளை வரிசையாக நினைவில் வைத்துச் செய்வது அந்த வயதுக்குக் கடினம். பதில் வராததால் மறுபடி சொல்கிறோம், குரல் ஏறுகிறது, ஐந்தாவது தடவை கத்துகிறோம், அப்போது குழந்தை எழுந்திருக்கிறது. இதிலிருந்து குழந்தை கற்றுக்கொள்வது ஒன்றுதான்: முதல் நான்கு தடவை சொன்னது கணக்கில் இல்லை, கத்தினால்தான் நிஜம்.

இப்படி மாற்றிப் பாருங்கள்:

1. கை எட்டும் தூரத்துக்குப் போங்கள். குனிந்தோ உட்கார்ந்தோ குழந்தையின் கண் மட்டத்துக்கு வாருங்கள்.
2. பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள், தோளில் லேசாகக் கை வையுங்கள். உங்கள் பக்கம் திரும்பும்வரை அடுத்த சொல் வேண்டாம்.
3. ஒரே ஒரு வேலையை, ஐந்தாறு சொல்லுக்குள் சொல்லுங்கள். "கார் எல்லாம் பெட்டிக்குள்ள போடு."
4. வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் பத்து எண்ணுங்கள்.
5. நகரவில்லை என்றால் அதே சொற்களில், அதே குரலில் இன்னொரு தடவை.
6. அப்போதும் இல்லை என்றால் கையைப் பிடித்து, சேர்ந்து ஆரம்பித்து வையுங்கள். திட்டு வேண்டாம்.

நான்காவது படியில்தான் பலர் தடுமாறுவார்கள். பத்து விநாடி மௌனம் பெரியவர்களுக்கு மிக நீளமாகத் தோன்றும். ஐந்தாவது விநாடியிலேயே அடுத்த கட்டளை வந்துவிடும். கேட்டதைப் புரிந்து, விளையாட்டிலிருந்து மனதைப் பிரித்து, உடம்பை அசைக்க அந்த நேரம் குழந்தைக்குத் தேவை.

இன்னும் இரண்டு பழக்கங்களை மாற்றினால் பலன் உடனே தெரியும். மறுக்க இடமில்லாத விஷயத்தைக் கேள்வியாகக் கேட்காதீர்கள். "குளிக்கலாமா?" என்றால் "வேண்டாம்" என்பது நேர்மையான பதில், அதற்குக் கோபப்படுவது நியாயமில்லை. "இப்ப குளிக்கப் போறோம். வாத்தை எடுத்துக்கலாமா, படகையா?" என்று, இரண்டில் எதைச் சொன்னாலும் உங்களுக்குச் சம்மதமாக இருக்கும்படி கேளுங்கள். அதேபோல் 'ஓடாதே' என்பதைவிட 'நடந்து வா' என்பது சின்னக் குழந்தைக்கு எளிது. எதைச் செய்யக்கூடாது என்று கேட்டு, அப்படியானால் எதைச் செய்வது என்று யோசிக்கும் வேலை அதற்கு மிச்சம்.

ஒன்றை விட்டு இன்னொன்றுக்கு

பூங்காவிலிருந்து கிளம்புவது, திரையை அணைப்பது, விளையாட்டை நிறுத்திச் சாப்பிட வருவது என அடம் வெடிக்கும் இடங்களில் பெரும்பாலானவை இந்த மாற்றங்கள்தான். "இன்னும் அஞ்சு நிமிஷம்" என்பது மூன்று வயதுக் குழந்தைக்கு அர்த்தமில்லாத பேச்சு; அதற்கு நிமிடக் கணக்கு இன்னும் வரவில்லை. "இன்னும் மூணு தடவை சறுக்கு, அப்புறம் கிளம்பறோம்" என்று எண்ணக்கூடியதாகச் சொல்லுங்கள், கூடவே நின்று எண்ணுங்கள். மூன்று முடிந்ததும் கிளம்பியே ஆக வேண்டும். ஒரு நாள் "சரி, இன்னொண்ணு" என்று விட்டால் மறுநாள் மூன்று என்பது பேரம் தொடங்கும் எண்ணாகிவிடும். ஆறு வயதுக்கு மேல் மணற்கடிகாரமோ அலாரமோ வைக்கலாம். நேரம் முடிந்ததாகச் சொல்வது கருவி என்பதால் உங்கள்மேல் கோபம் குறையும்.

திரைக்கு இதைவிடச் சுருக்கமான வழி: அத்தியாயம் முடியும் இடத்தில் நிறுத்துங்கள், அடுத்தது தானாக ஓடும் அமைப்பை அணைத்து வையுங்கள். கதையின் நடுவில் பிடுங்கினால் யாருக்குமே ஆத்திரம் வரும். உலகச் சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதல்படி, ஒரு வயதுக் குழந்தைக்குத் திரையே வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயதுவரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகக்கூடாது, குறைந்தால் இன்னும் நல்லது.

காலை

வாசலைத் தாண்ட வேண்டிய நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். 8 மணிக்குக் கிளம்ப வேண்டுமென்றால் 7:45-க்குக் காலணி மாட்டியிருக்க வேண்டும். அந்தக் கால் மணி நேரம் தொலைந்த சாக்ஸுக்கும் கடைசி நேரக் கழிப்பறைக்கும். உடை, பை, தண்ணீர்ப் புட்டி, காலணி நான்கும் முந்தின இரவே ஒரே இடத்தில் இருக்கட்டும்.

மூன்று முதல் ஏழு வயதுவரை படப் பட்டியல் நன்றாக வேலை செய்யும்: பல் தேய்ப்பது, உடை மாற்றுவது, சாப்பிடுவது, காலணி, பை. படங்கள் ஐந்தைத் தாண்ட வேண்டாம். பன்னிரண்டு படம் ஒட்டிய பட்டியலை எந்தக் குழந்தையும் பார்க்காது. ஒட்டிய பிறகு வாயால் பட்டியலை ஒப்பிப்பதை நிறுத்திவிட்டு, "அடுத்தது என்ன?" என்று மட்டும் கேளுங்கள். நீங்களே தொடர்ந்து சொல்லிக்கொண்டிருந்தால் பட்டியல் சுவர் அலங்காரமாகத் தங்கிவிடும். பிடித்த விளையாட்டு எல்லாம் முடிந்த பிறகுதான்: "காலணி போட்டதும் விளையாடலாம்." இதையே "காலணி போடலைன்னா விளையாட்டு கிடையாது" என்று சொன்னால் மிரட்டலாகிவிடும், எதிர்ப்பு கூடும்.

மாலை, படுக்கை

பள்ளியிலோ காப்பகத்திலோ நாள் முழுக்க அடங்கியிருந்த குழந்தை, வீட்டுக்குள் வந்ததும் ஒன்றுமில்லாத காரணத்துக்கு அழும். உங்களைச் சோதிப்பதற்காக அல்ல. பசியும் களைப்பும் சேர்ந்து, பத்திரமான இடம் என்று தெரிந்ததும் வெளியே வருகிறது. வந்த கால் மணி நேரத்துக்குள் சாப்பிட ஏதாவது கொடுங்கள். "இன்னிக்கு என்ன நடந்துச்சு, வீட்டுப்பாடம் என்ன" என்ற கேள்விகள் அரை மணி நேரம் காத்திருக்கட்டும்.

அதன்பின் பத்து நிமிடம், கைபேசி வேறு அறையில் இருக்க, குழந்தை சொல்கிறபடி விளையாடுங்கள். கற்றுக்கொடுக்க வேண்டாம், திருத்த வேண்டாம், கேள்வியும் அதிகம் வேண்டாம். "நீல கட்டையை மேல வெக்கிற" என்று பார்ப்பதைச் சொன்னால் போதும். கவனம் உறுதியாகக் கிடைக்கும் நேரம் ஒன்று இருந்தால், அதைக் குறும்பால் பிடுங்கும் தேவை குறைகிறது. பல வீடுகளில் இதைப் பரிசாக்கி, தப்புச் செய்த நாளில் ரத்து செய்துவிடுகிறார்கள். அந்த நாளில்தான் அது அதிகம் தேவை.

தூக்கத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் 2016 பரிந்துரை, பகல் தூக்கத்தையும் சேர்த்து: ஒன்று, இரண்டு வயதுக்கு 11 முதல் 14 மணி நேரம், மூன்று முதல் ஐந்து வயதுக்கு 10 முதல் 13, ஆறு முதல் பன்னிரண்டுக்கு 9 முதல் 12. பகலில் தூங்காத நான்கு வயதுக் குழந்தை காலை 6:30-க்கு எழ வேண்டுமென்றால் இரவு 8:30-க்குள் தூங்கியே இருக்க வேண்டும். அது குறைந்தபட்சக் கணக்கு; பல குழந்தைகளுக்கு 8 மணியே சரிப்படும். தூக்கம் போதாத குழந்தை சோர்ந்து விழாது, வீடு முழுக்க ஓடும். அதைப் பார்த்து "இன்னும் தூக்கம் வரலை" என்று நினைத்துவிடுவோம். நேரத்தை முன்னால் கொண்டுவர, இரண்டு மூன்று இரவுக்கு ஒருமுறை கால் மணி நேரம் வீதம் நகர்த்துங்கள். ஒரேயடியாக ஒரு மணி நேரம் நகர்த்தினால் படுக்கையில் புரண்டு சண்டைதான் மிஞ்சும். குளியல், இரவு உடை, பல், கதை என்று வரிசை தினமும் ஒன்றாக இருக்கட்டும். மொத்தம் 30 முதல் 45 நிமிடம். திரை, படுப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே அணைந்திருக்க வேண்டும்.

அடம் வெடித்த பிறகு

ஒன்றரை வயது முதல் மூன்று வயதுவரை இது அதிகம். ஆசை பெரிதாக இருக்கிறது, சொல்ல வார்த்தை இல்லை, தன்னை அடக்கும் மூளைப் பகுதியோ இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டிருப்பது. உச்சத்தில் இருக்கும் குழந்தைக்கு விளக்கம் ஏறாது. "ஏன் அழற, சொல்லு" என்று கேட்கக் கேட்க அழுகை நீளும்.

முதலில் உங்கள் உடம்பு. தாடை இறுகியிருக்கும், தோள் ஏறியிருக்கும். நான்கு எண்ணி மூச்சை இழுத்து, ஆறு எண்ணி விடுங்கள். ஆறு மூச்சு ஒரு நிமிடம். பிறகு கடினமான பொருட்களை நகர்த்திவிட்டு அருகில் தரையில் உட்காருங்கள். "கோவமா இருக்கு. நான் இங்கதான் இருக்கேன்." அவ்வளவு போதும். அடித்தால் கையைப் பிடித்து, "அடிக்க விட மாட்டேன்" என்று தாழ்ந்த குரலில் சொல்லுங்கள். சில நிமிடத்தில் வீறிடல் விம்மலாக மாறும். அந்த மாற்றத்துக்குக் காதைத் தீட்டி வையுங்கள். அணைப்பும் தண்ணீரும் அப்போதுதான் எடுபடும். கோபம் ஏறும்போது அணைக்கப் போனால் தள்ளிவிடும். பேச்சு, பாடம் எல்லாம் அதற்கும் அரை மணி நேரம் பிறகு, இரண்டு வாக்கியத்தில்.

கேட்டு அடம்பிடித்த பொருளை அழுகை நிறுத்தக் கொடுக்காதீர்கள். பத்துத் தடவை மறுத்து ஒரு தடவை கொடுப்பது, எப்போதும் கொடுப்பதைவிடப் பிடிவாதத்தை உறுதியாக்கும். எப்போது கிடைக்கும் என்று தெரியாததால் குழந்தை விடாமல் முயலும். இதுவரை கொடுத்துவந்து திடீரென நிறுத்தினால் முதல் சில நாள் அடம் முன்பைவிடக் கூடும். பலர் இங்கேதான் "இது நம்ம குழந்தைக்குச் சரிப்படாது" என்று விட்டுவிடுகிறார்கள். கூடுவது இயல்பு, அதைத் தாண்டினால் இறங்கும். கடைசிவரை மறுக்க முடியாது என்று தெரிந்த விஷயமா? முதல் தடவையே சந்தோஷமாகச் சரி என்றுவிடுங்கள்.

கைக்குழந்தை விஷயம் தனி. அதன் அழுகை ஏறத்தாழ ஆறாவது வாரத்தில் உச்சத்துக்குப் போய் மூன்று, நான்கு மாதத்தில் குறையும். பசி, ஈரம், காய்ச்சல் எல்லாம் பார்த்தும் அழுகை நிற்கவில்லை, உங்களுக்குக் கை நடுங்குகிறது என்றால், மல்லாக்கப் பத்திரமாகத் தொட்டிலில் படுக்கவைத்துவிட்டு ஐந்து பத்து நிமிடம் அறையை விட்டு வெளியே வாருங்கள். அந்த அழுகையால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது. ஆத்திரத்தில் உலுக்குவது மூளையில் இரத்தக்கசிவு உண்டாக்கி உயிரையே பறிக்கும். யார் கையில் குழந்தையை விட்டாலும் இதைச் சொல்லிவிட்டுப் போங்கள்.

இரண்டு குழந்தைகள் இருந்தால்

"யார் முதல்ல ஆரம்பிச்சது?" என்று கேட்காதீர்கள். நீதிபதியாக உட்கார்ந்தால் தினமும் வழக்கு வரும். அடிதடி என்றால் பிரித்து வையுங்கள். வாய்ச்சண்டை என்றால் பார்த்ததை மட்டும் சொல்லுங்கள்: "ஒரு கார்தான் இருக்கு. ரெண்டு பேருக்கும் வேணும். என்ன பண்ணலாம்?" அவர்கள் சொல்லும் தீர்வு உங்களுக்கு நியாயமாகப் படாவிட்டாலும், இருவரும் ஒத்துக்கொண்டால் விட்டுவிடுங்கள்.

கத்திவிட்டால்

எவ்வளவு திட்டமிட்டாலும் ஒரு நாள் குரல் உயரும். குழந்தைகளின் உறவைப் பல்லாண்டு ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டிரானிக், 1970-களிலிருந்து தாய்-சேய் முகபாவங்களைப் பதிவுசெய்து காட்டியது இது: நல்ல உறவிலும் இருவரும் ஒருவரையொருவர் தவறவிடுவது அடிக்கடி நடக்கிறது, மீண்டும் சேர்ந்துகொள்வதுதான் முக்கியம். இருவரும் அமைதியான பிறகு அருகில் உட்கார்ந்து, "நான் கத்தினது தப்பு. உனக்குப் பயமா இருந்திருக்கும்" என்று சொல்லுங்கள். அதோடு நிறுத்துங்கள். "ஆனா நீ மட்டும் ஒழுங்கா இருந்திருந்தா" என்று தொடர்ந்தால் மன்னிப்பு மறுபடி திட்டாகிவிடும். இரண்டாம் நாளும் அதே இடத்தில் கத்தினீர்கள் என்றால், அந்த நேரத்தின் ஏற்பாட்டை மாற்றுங்கள்: கிளம்பும் நேரத்தை முன்தள்ளுங்கள், அல்லது அந்தப் பொறுப்பை வீட்டில் இன்னொருவரிடம் கொடுங்கள்.

மருத்துவரிடம் எப்போது

அடம் வழக்கமாகவே 25 நிமிடத்தைத் தாண்டுகிறது, தலையை முட்டிக்கொள்வது போலத் தன்னைக் காயப்படுத்துகிறது, பேச்சு வந்த பிறகும் தணியவில்லை, வந்த பேச்சு குறைகிறது என்றால் குழந்தை மருத்துவரைப் பாருங்கள். ஓரிரு நிகழ்வுகளைக் கைபேசியில் பதிவுசெய்து காட்டினால் அவருக்கு உதவும். பெற்றவருக்கும் இதே அக்கறை வேண்டும். இரண்டு வாரமாக எதிலும் பிடிப்பில்லை, குழந்தை தூங்கினாலும் உங்களுக்குத் தூக்கம் வரவில்லை, காரணமில்லாமல் அழுகை வருகிறது என்றால், பிள்ளை பெற்ற முதல் வருடத்தில் குறிப்பாக, இதைச் சோர்வு என்று தள்ளிவைக்க வேண்டாம். இதற்குச் சிகிச்சை உண்டு. உங்களையோ குழந்தையையோ ஏதாவது செய்துவிடுவோமோ என்ற எண்ணம் வந்தால், வீட்டில் ஒருவரிடம் அப்போதே சொல்லி, குழந்தையை அவர் கையில் கொடுத்துவிட்டு, அன்றே மருத்துவரைப் பாருங்கள்.