அரிய பறவை என்று அறிவிக்கும் முன்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

வலசைக் காலம் தொடங்கிவிட்டால் பள்ளிக்கரணையிலிருந்து கோடியக்கரை வரை, ‘இது எந்தப் பறவை, இங்கே பார்த்ததே இல்லையே’ என்ற கேள்வியோடு படங்கள் பகிரப்படும். அவற்றில் உண்மையிலேயே அரிதானவை கொஞ்சம்தான். பெரும்பாலானவை நம் ஊர்ப் பறவைகளே, நமக்குப் பழகாத கோலத்தில். அந்தப் பொதுவான பறவையாக இருக்குமோ என்று முதலில் சோதிக்காமல், நேரே அரியதைத் தேடிப் போவதுதான் மிகப் பெரிய தவறு.

கொக்கு வகையைச் சேர்ந்த வக்காவின் இளம் பறவையை எடுத்துக்கொள்ளுங்கள். வளர்ந்த வக்காவுக்குக் கருந்தலை, கருமுதுகு, சாம்பல் இறக்கை, சிவந்த கண். இளசோ உடல் முழுக்கப் பழுப்பு, மார்பில் கோடுகள். கோரைப்புல்லுக்குள் அசையாமல் நிற்பதைக் கண்டதும் பலர் அதே குடும்பத்தின் அரிய பறவையான பெருங்குருகு என்று எழுதிவிடுகிறார்கள். இறக்கையைப் பாருங்கள். நீர்த்துளி சிந்தியதுபோல் வெள்ளைப் புள்ளிகள் இருந்தால் அது வக்காதான். பெருங்குருகுக்கு அந்தப் புள்ளிகள் கிடையாது. உச்சந்தலை கறுத்து, உடலும் பெரிதாக இருக்கும். அதுபோல, பழுப்பு நிற இளம் செம்பருந்து வேறு ஏதேதோ பருந்தின் பெயரில் பதிவாகிறது. வல்லூறு என்று நினைத்தது, தோற்றத்தில் அதை ஒத்த அக்காக்குயிலாக முடிவதும் உண்டு. வெள்ளையாகத் தெரியும் காகமும் மைனாவும் நிறமிக் குறைபாடு உள்ளவை, புதிய இனம் அல்ல. நகரத்து மரத்தில் கொண்டைக்கிளி உட்கார்ந்திருந்தால் பதிவு செய்யுங்கள். ஆனால் கூண்டிலிருந்து தப்பியதாக இருக்கலாம் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள்.

படத்தை மெருகேற்றிப் பகிர்வது இப்போது பெருகிவரும் தவறு. மங்கலான படத்தைக் கூர்மையாக்கும் செயலிகள் இல்லாத இறகுக் கோடுகளைக்கூட வரைந்துவிடும். அதை வைத்து யாரால் இனத்தை உறுதி செய்ய முடியும்? எடுத்தது எடுத்தபடி, மங்கலாக இருந்தாலும், மூலப் படமே சான்று. கேமராவின் தேதியும் நேரமும் சரியா என்றும் பாருங்கள்.

குரலை வைத்து இனம் சொல்லும் செயலியின் பதிலை அப்படியே பட்டியலில் ஏற்றாதீர்கள். துடுப்புவால் கரிச்சான் மற்ற பறவைகளின் குரலை அச்சு அசலாக எழுப்பும். செயலி தருவது ஒரு துப்பு மட்டுமே. பறவையைக் கண்ணால் தேடிப் பாருங்கள், குரலைப் பதிவு செய்து இணையுங்கள்.

பார்த்த பறவைகளைப் பலரும் பதிவிடும் இ-பேர்ட் இணையதளத்தில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும், மாதத்துக்கும், இன்ன பறவை இத்தனை வரை எதிர்பார்க்கலாம் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அதைத் தாண்டினால் விவரம் கேட்கும். அங்கே ‘தெளிவாகப் பார்த்தேன்’ என்றோ ‘நேற்று நண்பர் பார்த்தார்’ என்றோ எழுதுவதால் பயனில்லை. அளவு, அலகு, கால் நிறம், பறந்தபோது தெரிந்தது, வெளிச்சம், தொலைவு, எந்த ஒத்த பறவையை எதனால் விலக்கினீர்கள் என்பதை எழுதுங்கள். அதையும் களத்திலேயே, கையேட்டைப் புரட்டும் முன் குறித்துவிடுங்கள். புத்தகப் படத்தைப் பார்த்த பிறகு நினைவு அதற்கேற்ப வளைந்துவிடும்.

இந்தத் தளத்தில் பதிவுகளைச் சரிபார்ப்பவர்கள் தன்னார்வலர்கள். அவர்கள் கேள்வி கேட்டால் முகம் சுளிக்க வேண்டாம். உறுதியாகாத பதிவு உங்கள் சொந்தப் பட்டியலில் இருக்கும். பொது வரைபடத்தில் மட்டும் வராது. சேற்றுக் கரைகளில் இரைதேடும் உள்ளான்களில் எது என்ற சந்தேகம் தீராவிட்டால் ‘உள்ளான், இனம் தெரியவில்லை’ என்று பதிவது முழுக்க நேர்மையான பதிவு. உள்ளான்களின் அலகில் சேறு ஒட்டியிருந்தால் வடிவமே மாறித் தெரியும் என்பதை உப்பளக் கரைகளில் நின்றவர்கள் அறிவார்கள்.

கடைசியாக, எனக்கு மிகவும் கவலை தரும் தவறு: ஆந்தை அடையும் மரத்தையும் கூடு இருக்கும் இடத்தையும் துல்லியமாகப் பொதுவில் போடுவது. மறுநாளே கேமராக் கூட்டம் சூழும், குரலை ஒலிக்கவிட்டு அழைப்பார்கள், தாய்ப்பறவை கூட்டை விட்டு விலகும். வேட்டைக்காரர்களுக்கும் வழி தெரிந்துவிடும். வட்டாரப் பெயரோடு நிறுத்துங்கள், துல்லிய இடத்தைச் சரிபார்ப்பவருக்குத் தனியாகச் சொல்லுங்கள், குஞ்சுகள் பறந்து போகும் வரை படத்தையும் தள்ளிவையுங்கள்.