ரூட்டர் ஃபர்ம்வேரில் ஹார்ட்பிளீட் பிழையைத் தேடும் முறை

2014 ஏப்ரலில் வெளிப்பட்ட ஹார்ட்பிளீட் பிழை (எதிர்முனை சொல்லும் நீளத்தைச் சரிபார்க்காமல் நம்பி, நினைவகத்திலுள்ள தரவைக் கசியவிடும் குறை), இணையத் தொடர்பை மறையாக்கம் செய்யும் ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரியின் 1.0.1 முதல் 1.0.1எஃப் வரையிலான பதிப்புகளில் இருந்தது. ஒரே சி நிரல் மேசைக் கணினியில் எக்ஸ்86 கட்டளைகளாகவும் ரூட்டரில் மிப்ஸ் அல்லது ஆர்ம் பிராசசர்களின் கட்டளைகளாகவும் உருமாறிவிடுவதால், பைட்டுக்குப் பைட்டு ஒப்பிட்டுத் தேடினால் எதுவும் அகப்படாது.

முதலில் பின்வாக் என்ற பிரித்தெடுக்கும் கருவியைக் கொண்டு ஃபர்ம்வேரை (ரூட்டருக்குள் பதிந்திருக்கும் மென்பொருளை) பிரித்து, ஓப்பன்எஸ்எஸ்எல் தனி லைப்ரரிக் கோப்பாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், ஏற்றுமதிப் பெயர்ப் பட்டியலிலேயே பிழைக்கு இடமான ஹார்ட்பீட் செயற்கூறு (இணைப்பு உயிரோடிருக்கிறதா என்று சோதிக்கும் செய்தியைக் கையாள்வது) பெரும்பாலும் கிடைத்துவிடும், மெனக்கெட வேண்டியதில்லை. வேறொரு நிரலுக்குள் பிணைக்கப்பட்டுப் பெயர்களும் நீக்கப்பட்டிருந்தால்தான் உண்மையான தேடல் தொடங்குகிறது.

ஒப்பிடுவதற்கு மாதிரியாக, 1.0.1எஃப், திருத்தம் வந்த 1.0.1ஜி ஆகிய இரண்டையும் பெயர்கள் நீங்காமல் கம்பைல் செய்து, ஃபர்ம்வேரின் பைனரியோடு கீட்ரா என்ற பைனரி ஆய்வுக் கருவியில் ஏற்றுங்கள். மிப்ஸில் பைட்டுகளின் வரிசை பிக் எண்டியனா லிட்டில் எண்டியனா என்பதைத் தவறாகக் கொடுத்தால், கட்டளைகளைச் சி போன்ற நிரலாக மாற்றித் தரும் டீகம்பைலர் குப்பையைத்தான் தரும்.

கீட்ரா 11.0 பதிப்பில், 2023 டிசம்பரில் சேர்ந்த, ஒத்த செயற்கூறுகளைத் தேடித் தரும் பிசிம் வசதி இங்கே கைகொடுக்கிறது. அது பிராசசரின் கட்டளைகளை நேரடியாகப் பார்க்காமல், டீகம்பைலர் உருவாக்கும் பி-கோடின் (பிராசசரைச் சாராத இடைநிலை வடிவத்தின்) தரவோட்டத்திலிருந்து அடையாளங்களை எடுக்கிறது. மாதிரி 64 பிட்டாகவும் ரூட்டர் 32 பிட்டாகவும் இருந்தால், அந்த அடையாளங்களைச் சேமிக்கும் தரவுத்தளத்தை அமைக்கும்போதே 'மீடியம்_நோசைஸ்' வார்ப்புருவைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சின்னஞ்சிறு செயற்கூறுகள் ஒன்றுக்கொன்று எளிதில் ஒத்துப்போகும் என்பதால், ஒற்றுமை மதிப்பெண்ணை மட்டும் நம்பாமல், அருகில் காட்டப்படும் நம்பிக்கை (கான்ஃபிடன்ஸ்) மதிப்பெண்ணையும் பாருங்கள்.

கிடைத்தவற்றைக் கண்ணால் சரிபார்ப்பதே முக்கியமான வேலை. பிராசசர் மாறினாலும் எண்கள் மாறுவதில்லை: இரண்டு பைட்டு நீளத்தைப் படித்து, அதனோடு 19 கூட்டி நினைவகம் ஒதுக்கி, 16 பைட்டு நிரப்பியைச் சேர்த்து, 24 என்ற பதிவு வகையோடு (ஹார்ட்பீட் செய்தியைக் குறிக்கும் எண்) அனுப்பும் செயற்கூறே நாம் தேடுவது.

ஆனால் திருத்தப்பட்டதும் திருத்தப்படாததும் பிசிமில் ஏறக்குறைய ஒரே மதிப்பெண்ணைப் பெறும். பதிப்பு எண்ணும் சான்றாகாது. தயாரிப்பாளர்கள் எண்ணை மாற்றாமலே திருத்தத்தைச் சேர்ப்பதுண்டு. ஆகவே நினைவகம் ஒதுக்குவதற்கு முன்பு, அந்த நீளத்தோடு 19 கூட்டிய தொகையை வந்த பதிவின் உண்மையான நீளத்தோடு ஒப்பிட்டு, மிகுந்தால் வெளியேறும் கிளை இருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லையென்றால் பிழை இன்னும் அங்கேயே இருக்கிறது.