புற ஊதாவில் பூவைப் படமெடுக்க: ஒரு டார்ச், ஓர் இருட்டறை, ஓர் அந்திமந்தாரை

'புற ஊதாப் பூப்படம்' என்ற ஒரே பெயரில் இரண்டு வேறு வேலைகள் நடமாடுகின்றன. ஒன்று, பூவின் மேல் பட்டுத் திரும்பும் புற ஊதா ஒளியையே பதிவு செய்வது. நமக்கு முழு மஞ்சளாகத் தெரியும் சூரியகாந்தி, அந்தப் படத்தில் வெளிப்புறம் வெளுத்தும் நடுவைச் சுற்றிக் கறுத்தும் நிற்கும். தேனீக்கு வழிகாட்டும் குறி அது. அதற்கு, புற ஊதாவைத் தடுக்கும் உள்வடிகட்டியைக் கழற்றிய கேமராவும் தனி ஃபில்டரும் வேண்டும், செலவு அதிகம். மற்றது, பூ புற ஊதாவை உறிஞ்சிக்கொண்டு, நம் கண்ணுக்குத் தெரியும் நிறத்தில் தானே ஒளிர்வது. இதற்குச் சாதாரணக் கேமரா போதும். நான் சொல்லப்போவது இதைத்தான். இந்தப் படத்தின் கீழே 'தேனீயின் பார்வையில்' என்று தயவுசெய்து எழுதாதீர்கள். தேனீ காண்பது முதல் வகையைச் சேர்ந்தது.

கேமராவை விட டார்ச்தான் முக்கியம். 365 நானோமீட்டர் (ஒளியின் அலைநீளம்) என்று கேட்டு வாங்குங்கள். கள்ளநோட்டு பார்க்க விற்கும் மலிவான டார்ச்சுகளில் பல 395 வகை. ஊதா வெளிச்சம் வழிந்து, பூவின் மெல்லிய ஒளிர்வை மூழ்கடித்துவிடும். 365இலும் கொஞ்சம் கசியும். அதனால் முகப்பில் இசட்.டபிள்யூ.பி.2 என்ற கறுப்புக் கண்ணாடி இருக்க வேண்டும். சோதிக்க எவர்சில்வர் தட்டு போதும்: நன்றாகக் கழுவித் துடைத்த தட்டின் மேல் சாய்வாக அடித்துப் பாருங்கள். தட்டில் ஊதா தெரிந்தால் அத்தனையும் கசிவு.

அதற்கு முன் கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி. 400 நானோமீட்டர் வரை தடுக்கும் நிறமற்ற பாலிகார்பனேட் கண்ணாடி இல்லாமல் டார்ச்சை ஏற்றவே கூடாது. இந்த ஒளி கண்ணுக்குத் தெரியாததால் கண்மணி சுருங்காது, இமையும் மூடாது. ஆபத்து அதில்தான் இருக்கிறது. குழந்தைகளும் பூனையும் அறைக்கு வெளியே இருக்கட்டும்.

அறைக்கு வருவோம். மேற்கு மாம்பலத்தில் எங்கள் வீட்டுச் சாமான் அறைக்கு ஜன்னல் கிடையாது. ஆனாலும் தெருவிளக்கின் வெளிச்சம் கதவிடுக்கில் நுழைந்துவிடும். இடுக்கில் கறுப்புத் துணியைத் திணிக்கிறேன். வெள்ளைத் துண்டு உதவாது. சலவைத்தூளில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருள் புற ஊதாவில் நீலமாக ஒளிரும். அதே காரணத்தால் வெள்ளைச் சட்டையும் வேண்டாம். மஞ்சள் பட்ட கையால் பூவைத் தொடாதீர்கள். அதிலுள்ள குர்குமின், பச்சை கலந்த மஞ்சளில் பூவையே தோற்கடிக்கும். மின்விசிறியை நிறுத்தியாக வேண்டும். சென்னைப் புழுக்கத்தில் வேர்த்துக் கொட்டும், வேறு வழியில்லை. இதழ் ஆடினால் படம் போயிற்று.

தூசிதான் பெரிய எதிரி. பகலில் தெரியாத ஒரு பஞ்சிழை, படத்தில் நீலப் புழுவாக நெளியும். ஊதுபந்தால் ஊதி, மெல்லிய தூரிகையால் எடுங்கள். டிஷ்யூ பேப்பர் தொடக்கூடாது, அதுவும் ஒளிரும். பின்னணிக்குக் கறுப்பு வெல்வெட் வைத்தால் அதன் நூல்தூசியை ஒட்டும் டேப்பால் எடுத்துவிடுங்கள்.

முதல் பாடத்துக்குச் செம்பருத்தி. காம்பைத் தண்ணீரில் நிறுத்தி, கேமராவை ட்ரைபாடில் பூட்டி, அறை விளக்கிலேயே ஃபோகஸ் செய்து, பின் அதைக் கைமுறைக்கு மாற்றுங்கள். ரா கோப்பு (கேமரா பதப்படுத்தாத மூலப்பதிவு), பகல் வெளிச்ச வெள்ளைச் சமநிலை, லென்ஸ் துளை எஃப் 8, ஒளி உணர்திறன் ஐ.எஸ்.ஓ. 400, ஷட்டர் 20 விநாடி. இது தொடக்கம், கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். விளக்கை அணைத்து, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் முழுவதும் டார்ச்சை ஒரு அடி தூரத்தில் பூவைச் சுற்றி மெல்ல நகர்த்துங்கள். ஒரே இடத்தில் நின்றால் நிழல் கடுமையாக விழும். படத்தைப் பெரிதாக்கினால் மகரந்தத் தூள்கள் தனித்தனி மணிகளாக ஒளிர்வதைக் காண்பீர்கள். பச்சைப் புல்லிவட்டம் சிவப்பாக இருக்கும். பச்சையம் புற ஊதாவில் தரும் நிறம் அதுதான். அதைத் திருத்த வேண்டாம். படம் முழுக்க நீலப் புகை படிந்திருந்தால், லென்ஸ் முன்னே புற ஊதாவைத் தடுக்கும் ஃபில்டர் போடுங்கள்.

கை பழகியதும் அந்திமந்தாரைக்கு வாருங்கள். பின்மதியத்தில் விரிந்து மறுநாள் காலையில் சுருங்கும் பூ. இருட்டிய பிறகு வேலை செய்யும் நமக்கு வசதியானது. இதன் மஞ்சள் நிறமியான பீட்டாசாந்தின், நீல ஒளி பட்டால் பச்சையாக ஒளிர்கிறது. பீட்டானின் என்ற ஊதாச் சிவப்பு நிறமி அந்தப் பச்சையை விழுங்கிவிடுகிறது. 2005இல் 'நேச்சர்' இதழில் ஸ்பெயின் ஆய்வாளர்கள் இதை விளக்கினார்கள். எனவே இங்கே 365 டார்ச்சை வைத்துவிட்டு, 450 நானோமீட்டர் நீல டார்ச்சும், லென்ஸ் முன்னே நீலத்தைத் தடுக்கும் அடர்மஞ்சள் ஃபில்டரும் எடுங்கள். மஞ்சளும் சிவப்பும் கலந்து வரியோடிய பூவாகத் தேர்ந்தெடுங்கள். ஒற்றை நிறப் பூவில் இந்த வேறுபாடு தெரியாது.