வீட்டு மில்லிங் மெஷினுக்குக் கட்டர் வாங்கும்போது நேரும் தவறுகள்

சுற்றும் கட்டரால் உலோகத்தைச் சீவும் மில்லிங் மெஷின் வீட்டில் வந்து இறங்கிய முதல் வாரத்திலேயே பலரும் வாங்கிவிடுவது 50 மி.மீ. ஃபேஸ் மில்தான். நான்கு கார்பைடு இன்செர்ட் (கழற்றி மாற்றக்கூடிய கடினமான வெட்டுப் பல்) திருகிய, கையில் எடுத்தாலே கனக்கிற கட்டர் அது. பெரிய பட்டறையில் அது இரும்பின் மேல் ஒரே ஓட்டமாக ஓடிப் பளபளவென்று முகம் எடுப்பதை, அதாவது மேல்பரப்பைத் தட்டையாகச் சீவுவதைப் பார்த்திருப்போம். அதையே 350 வாட் மோட்டார் உள்ள மேசை மெஷினில் மாட்டி, எம்.எஸ். (மைல்டு ஸ்டீல் என்னும் சாதாரண இரும்பு) பிளேட்டின் மேல் வைத்தால் கதை வேறு. டேபிள் அதிரும், காலம் (மெஷினின் நிமிர்ந்த தூண்) நடுங்கும், ஜாப்பின் (வெட்டப்படும் துண்டின்) முகத்தில் அலை அலையாகக் கோடு விழும். நானும் அப்படித்தான் தொடங்கினேன். மெஷினில் ஏதோ கோளாறு என்று நினைத்து, டேபிளின் ஆட்டத்தைக் குறைக்கும் கிப் பட்டையை இறுக்கி, காலத்தின் போல்ட்டைக் கழற்றி மாட்டி இரண்டு வாரம் அலைந்தேன். மெஷினில் கோளாறே இல்லை. அதன் சக்திக்கு மீறிய கட்டரை நான் மாட்டியிருந்தேன்.

ஒரு சின்னக் கணக்குப் போட்டால் இது விளங்கிவிடும். எம்.எஸ்.ஸில் நிமிடத்துக்கு 24 கன செ.மீ. உலோகம் சீவி எடுக்க, கட்டர் முனையில் ஏறக்குறைய 1 கிலோவாட் தேவை. 350 வாட் மோட்டாரில் கியர், பேரிங் எல்லாம் தின்றது போகக் கட்டருக்கு 200 வாட் வந்து சேர்ந்தால் நல்லது. அப்படியென்றால் நிமிடத்துக்கு 5 கன செ.மீ.தான் நம் எல்லை. இப்போது அந்த ஃபேஸ் மில்லைப் பாருங்கள். கார்பைடுக்கு நிமிடத்துக்கு 100 மீட்டர் வெட்டு வேகம் கொடுத்தால் 50 மி.மீ. கட்டர் சுமார் 640 ஆர்.பி.எம்.மில் சுற்ற வேண்டும். பல்லுக்கு 0.1 மி.மீ. ஃபீட் (ஒவ்வொரு பல் வெட்டுக்கும் ஜாப் நகரும் தூரம்) வைத்தால் நான்கு பல்லுக்கு நிமிடத்துக்கு 256 மி.மீ. ஆகிறது. 40 மி.மீ. அகலத்தில் அரை மி.மீ. ஆழம் எடுத்தாலே 5 கன செ.மீ.யைத் தாண்டிவிடுகிறது. அரை மி.மீ.யிலேயே மெஷினின் மூச்சு முட்டிவிடும்.

"ஃபீட்டைக் குறைத்து மெதுவாக ஓட்டினால் என்ன?" என்று தோன்றும். அங்கேதான் அடுத்த சிக்கல். பெரிய மெஷினுக்கான இன்செர்ட்டின் விளிம்பு, உடையாமல் இருக்க வேண்டும் என்பதற்காகக் கொஞ்சம் மழுங்கடித்தே வருகிறது. நூறில் சில பங்கு மி.மீ. தடிமனுக்குச் சீவச் சொன்னால் அது சீவாது, தேய்க்கும். தேய்த்தால் சூடு ஏறும், மேல்பரப்பு இறுகும், விளிம்பு இன்னும் மழுங்கும். சின்ன மெஷினுக்கு வேண்டியது கூரான விளிம்பு. இன்செர்ட் பெட்டியின் மேலுள்ள குறியீட்டில் மூன்றாவது எழுத்தைக் கவனியுங்கள். எம் என்றால் அச்சில் அழுத்தி எடுத்தது. ஜி என்றால் பெரும்பாலும் கிரைண்ட் செய்து கூராக்கியது. அலுமினியத்துக்கென்று பளபளப்பாக வரும் சிசிஜிடி வகை இன்செர்ட்டைப் பலர் இரும்புக்கே பயன்படுத்துகிறார்கள். மெல்லிய கட் எடுக்கிறவரை சின்ன மெஷினில் அது நன்றாகவே வெட்டுகிறது.

முகம் எடுக்க என் தேர்வு ஃபிளை கட்டர். ஒரே ஒரு பல், அதுவும் நாமே கிரைண்ட் செய்துகொள்ளும் ஹெச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்) டூல் பிட். நேரம் பிடிக்கும், உண்மைதான். ஆனால் ஒரு நேரத்தில் ஒரு பல் மட்டும் படுவதால் மோட்டாருக்கு மூச்சு வாங்க இடம் கிடைக்கிறது. முகமும் அழகாக வருகிறது. வேகம் மட்டும் குறைவாக வையுங்கள். 50 மி.மீ. வட்டத்துக்கு எம்.எஸ்.ஸில் 160 ஆர்.பி.எம். போதும். அது சுற்றும்போது கை, கையுறை, தொங்கும் சட்டைக்கை எதுவும் பக்கத்தில் போகக்கூடாது.

அடுத்தது கார்பைடு மோகம். கடைக்காரரும் "சார், இதுதான் லைஃப் வரும்" என்பார். லைஃப் வரும், ஆனால் அதற்குரிய வேகத்தில் ஓட்டினால்தான் வரும். 6 மி.மீ. கார்பைடு எண்ட் மில் (அடியிலும் பக்கத்திலும் பல் உள்ள கட்டர்) இரும்பில் நிமிடத்துக்கு 100 மீட்டர் போக 5,300 ஆர்.பி.எம். கேட்கிறது. நம் மெஷின்களில் பெரும்பாலானவை 2,500-ஐத் தாண்டாது. பாதி வேகத்தில் ஓட்டும்போது கார்பைடின் அனுகூலம் பெருமளவு போய்விடுகிறது. அதன் உடையும் குணம் மட்டும் முழுசாக மிஞ்சுகிறது. டேபிளில் அதிர்வு இருந்தாலோ, ஃபீட் ஹேண்டிலைக் கை கொஞ்சம் தூக்கி அடித்தாலோ முனை சில்லுச் சில்லாகப் பெயரும். ஹெச்.எஸ்.எஸ். அந்த அடியைத் தாங்கிக்கொள்ளும். 10 மி.மீ. ஹெச்.எஸ்.எஸ். கட்டருக்கு எம்.எஸ்.ஸில் நிமிடத்துக்கு 25 மீட்டர், அதாவது சுமார் 800 ஆர்.பி.எம். போதும். இது எந்தச் சின்ன மெஷினிலும் கிடைக்கிற வேகம். கொஞ்சம் கடினமான இரும்பு என்றால் 5 சதவீதம் கோபால்ட் கலந்த எம்35 வாங்கலாம். சென்னையின் அடிசன் போன்ற பழைய பெயர்களின் கட்டர்களில் அளவும் கிரேடும் தெளிவாகப் பொறித்திருக்கும்.

வெட்டு சரியாக இருக்கிறதா என்று சீவலே சொல்லிவிடும். ஹெச்.எஸ்.எஸ். கட்டரில் இரும்புச் சீவல் வெள்ளியாக, மிஞ்சிப்போனால் வைக்கோல் நிறத்தில் விழ வேண்டும். நீலமாக விழுந்தால் வேகம் அதிகம், கட்டர் சீக்கிரம் வெந்துவிடும். சீவலே வராமல் மாவு மாதிரி உதிர்ந்தால் ஃபீட் போதவில்லை, கட்டர் தேய்த்துக்கொண்டிருக்கிறது.

அலுமினியத்துக்கு இரும்பின் கட்டரையே போடுவதும் அடிக்கடி நடக்கிறது. நான்கு பல் எண்ட் மில்லில் பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே உள்ள பள்ளம் சிறியது. அலுமினியச் சீவல் பருமனானது, பிசுபிசுப்பானது. பள்ளத்தில் அடைத்துக்கொண்டு கட்டரோடு ஒட்டி உருகிவிடும். அடுத்த சுற்றில் கட்டர் ஒடியும். இரண்டு அல்லது மூன்று பல் போதும். கோட்டிங்கிலும் ஒரு பொறி உண்டு. கறுநீல நிறத்தில் வரும் டைட்டானியம் அலுமினியம் நைட்ரைடு பூச்சு, அதிக வேகத்தில் இரும்பு வெட்டும்போது எழும் சூட்டுக்காகவே செய்யப்பட்டது. நம் மெஷினில் அந்தச் சூடே வருவதில்லை. அந்தப் பூச்சிலேயே அலுமினியம் இருப்பதால் அலுமினியம் அதில் எளிதாக ஒட்டவும் செய்கிறது. பூச்சே இல்லாத பளிச்சென்ற கட்டர்தான் அலுமினியத்துக்கு நல்லது. மண்ணெண்ணெய் ஒரு சொட்டு தொட்டு வைத்தால் ஒட்டுவது வெகுவாகக் குறையும். சாதாரண மென் அலுமினியத்தோடு மல்லுக்கட்டுவதைவிட 6061 அல்லது 6082 என்ற அலுமினியக் கலவையைக் கேட்டு வாங்குங்கள். கட்டர் விஷயத்தில் பட்ட பாதிப் பாடு அதிலேயே தீர்ந்துவிடும்.

மத்தியில் வெட்டுமா என்று பார்க்காமல் வாங்குவது சின்னத் தவறுதான், ஆனால் ஜாப்பைக் கெடுத்துவிடும். எண்ட் மில்லின் அடிமுகத்தைத் திருப்பிப் பாருங்கள். ஒரு பல்லாவது மையம் வரை போயிருக்க வேண்டும். நடுவில் சின்னத் துளை இருந்தால் அந்தக் கட்டரால் நேராகக் கீழே இறங்க முடியாது. இறக்கினால் நடுவில் ஒரு குமிழ் நின்று கட்டரைத் தள்ளும்.

"ஆழமான பாக்கெட்டுக்கும் (குழிக்கும்) ஆகுமே" என்று நீளமான கட்டர் வாங்குவதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். கட்டர் எவ்வளவு வளைகிறது என்பது வெளியே நீட்டியிருக்கும் நீளத்தின் முப்படியைப் பொறுத்தது. நீளம் இரண்டு மடங்கானால் அதே விசைக்கு வளைவு எட்டு மடங்கு. விட்டத்துக்கோ நாற்படி. 10 மி.மீ.க்குப் பதில் 6 மி.மீ. போட்டால், அதே நீளத்தில், அது ஏழரை மடங்குக்கும் மேல் வளையும். பெரிய மெஷினில் ஸ்பிண்டிலும் (கட்டரைச் சுழற்றும் தண்டும்) காலமும் அசையாமல் நிற்பதால் வளைவது கட்டர் மட்டும். நம்மிடம் எல்லாமே சேர்ந்து வளைகின்றன. ஆகவே வேலைக்கு எது போதுமோ அந்தக் குட்டையான கட்டரையே வாங்குங்கள். அதையும் ஷாங்க் (பல் இல்லாத பிடிப் பகுதி) முழுதும், கட்டரைச் சுற்றிலும் கவ்விப் பிடிக்கும் கோலெட்டுக்குள் போகும்படி ஏற்றி மாட்டுங்கள். ஆனால் பல் இருக்கும் பகுதியைக் கோலெட் கவ்வக் கூடாது. 10 மி.மீ. ஸ்லாட் (நீளவாக்கில் பள்ளம்) வேண்டுமென்றால் 10 மி.மீ. கட்டரில் ஒரே ஓட்டமாக எடுக்காதீர்கள், வளைவால் அளவு கூடிவிடும். 8 மி.மீ. கட்டரில் நடுவைத் திறந்துவிட்டு, இரண்டு பக்கச் சுவரையும் தனித்தனியாகச் சீவினால் அளவு உங்கள் கைக்குள் இருக்கும்.

நிறைய உலோகம் எடுக்க வேண்டிய இடத்தில் கைகொடுப்பது ரிப்பர் கட்டர். பல்லின் விளிம்பில் அலை அலையாக வெட்டு இருக்கும், அதனால் நீளச் சீவல் துண்டுதுண்டாக உடைந்து விழும். விசை குறைகிறது, அதிர்வும் அடங்குகிறது. முகம் கரடாக வரும் என்பதால் கடைசிக் கால் மி.மீ.க்குச் சாதாரண கட்டருக்கு மாறிக்கொள்ளலாம். 350 வாட் மெஷின்காரர்கள் பலர் இதைப் பெரிய பட்டறைக்கானது என்று நினைத்து வாங்காமல் விடுகிறார்கள். உண்மையில் நமக்குத்தான் இது அதிகம் தேவை.

எண்ட் மில்லை டிரில் சக்கில் பிடிக்கவே பிடிக்காதீர்கள். டிரில் சக் நேராகக் கீழே அழுத்துவதற்குச் செய்தது. மில்லிங்கில் விசை பக்கவாட்டில் வருகிறது. மூன்று தாடையும் ஷாங்கை மூன்று கோட்டில் மட்டும் தொட்டுக்கொண்டிருக்கும். சுருள் பல் கட்டரைக் கீழே இழுக்க இழுக்க அது மெல்ல நழுவி ஜாப்புக்குள் இறங்கிவிடும். சக்கே தான் செருகியிருக்கும் டேப்பரிலிருந்து கழன்று சுற்றியபடி விழுவதும் உண்டு, அது ஆபத்து. கட்டருக்கு முன்னால் ஒரு ஈஆர்25 அல்லது ஈஆர்32 கோலெட் செட் வாங்குங்கள். கோலெட்டை முதலில் நட்டுக்குள் சாய்த்து 'டக்'கென்று உட்கார வைத்துவிட்டுத்தான் ஸ்பிண்டிலில் திருக வேண்டும். வெறும் கோலெட்டைத் துளைக்குள் போட்டு நட்டை மூடினால் கட்டர் ஆட்டத்தோடு சுற்றும், கோலெட்டும் வெளியே வராது. 10 மி.மீ. கோலெட் 9 மி.மீ. வரை சுருங்கும். அதற்கும் கீழே இறுக்கினால் அது நிரந்தரமாகக் கோணிவிடும்.

மாட்டியபின் ஒரு டயல் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) வைத்து ஷாங்கின் ஆட்டத்தைப் பாருங்கள். 3 மி.மீ. கட்டருக்குப் பல்லுக்கு 0.015 மி.மீ. ஃபீட் கொடுக்கிறோம். கட்டர் 0.05 மி.மீ. ஆடிச் சுற்றினால் ஒரு பல்லே எல்லா வேலையையும் செய்கிறது, மற்றது காற்றில் சுற்றுகிறது. சின்னக் கட்டர்கள் "காரணமே இல்லாமல்" ஒடிவதாகச் சொல்கிறார்களே, அதில் பெரும்பகுதி இதனால்தான்.

20 அளவு சேர்ந்து ஒரே பெட்டியில் மலிவாக வரும் செட்டை நான் யாருக்கும் சொல்வதில்லை. அதில் பயன்படப்போவது நான்கைந்துதான். கிரேடு பொறிக்காத கட்டர் என்றால், வெட்டாதபோது தவறு வேகத்திலா, ஃபீட்டிலா, கட்டரிலேயேவா என்று கண்டுபிடிக்க வழியில்லை. கற்றுக்கொள்ளும் காலத்தில் இந்தக் குழப்பம் மிகவும் கொடுமையானது. அந்தப் பணத்தில் 6, 8, 10 மி.மீ. அளவில் நல்ல ஹெச்.எஸ்.எஸ். நான்கு பல் கட்டர் ஒவ்வொன்று, அலுமினியத்துக்கு 6, 10 மி.மீ.யில் இரண்டு பல், 12 மி.மீ. ரிப்பர் ஒன்று, ஃபிளை கட்டர் ஒன்று என்று வாங்கினால் வீட்டு வேலை பெரும்பாலும் முடிந்துவிடும். மற்றதை ஜாப் கேட்கும்போது வாங்கிக்கொள்ளலாம்.

கடைசியாக, புதுக் கட்டரை எதன் மேல் வைக்கிறோம் என்பதும் கட்டர் தேர்வோடு சேர்ந்ததே. எம்.எஸ். ஃபிளாட்டின் மேலுள்ள கருஞ்செதில் உள்ளே இருக்கும் இரும்பைவிடக் கடினமானது. அதில் மெல்லியதாக உரசியபடி ஓடினால் ஹெச்.எஸ்.எஸ். பல் ஒரே நாளில் மழுங்கும். ஆங்கிள் கிரைண்டரால் செதிலை எடுத்துவிடுங்கள், அல்லது முதல் கட்டிலேயே செதிலுக்கு அடியில் போகுமளவு ஆழம் கொடுங்கள். காயலான் கடையில் கிடைத்த ஆக்சில் துண்டோ, கேஸ் கட்டிங் செய்த விளிம்போ என்றால் முதலில் பழைய அரம் ஒன்றை அதில் ஓட்டிப் பாருங்கள். அரம் கடித்தால் வைஸில் மாட்டலாம். வழுக்கினால் அந்தத் துண்டை ஓரமாக வைத்துவிட்டு எளிதில் வெட்டுப்படும் ஈஎன்1ஏ இரும்பு ராட் ஒன்று வாங்கி வாருங்கள்.