காஸ்பிளே உடை: முதலில் ஒரு முன்கைக் கவசம்

கதை, திரைப்படப் பாத்திரங்களைப் போல உடையணியும் காஸ்பிளே ஆசை வந்தவர்களில் பலர் எடுத்த எடுப்பிலேயே தலைமுதல் கால்வரை முழுக் கவசத்தில் இறங்கிவிடுகிறார்கள். பாதி வேலையில் அறையெங்கும் ஃபோம் துண்டுகள் கிடக்கும்; ஆர்வம் வடிந்திருக்கும். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை மூடும் கவசம் ஒன்றை மட்டும் முதலில் செய்யுங்கள். மார்புக் கவசத்துக்கு வேண்டிய கைப்பழக்கம் பெரும்பாலும் இதிலேயே வந்துவிடும்.

5 அல்லது 6 மி.மீ. தடிமனுள்ள ஈ.வி.ஏ. ஃபோம் ஷீட் (மெத்தென்ற, வளையும் பிளாஸ்டிக் தாள்), கட்டர் கத்தி, சூடான காற்றை வீசும் ஹீட் கன், சோபா வேலைக்கும் செருப்பு வேலைக்கும் விற்கும் ரப்பர் பசை, அக்ரிலிக் வண்ணம், வெல்க்ரோ ஆகியவை போதும்.

முதல் வேலை அளவெடுப்பது. முன்கையில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றி, அதன்மேல் மாஸ்கிங் டேப்பை இரண்டு அடுக்காக ஒட்டுங்கள். கவசத்தின் வடிவத்தை டேப்பின் மேல் வரையுங்கள். எது மேல்பக்கம் என்றும் குறித்துக்கொள்ளுங்கள். கழற்றிய பிறகு அடையாளம் தெரியாது. மழுங்கிய முனையுள்ள கத்தரிக்கோலால் உள்ளங்கைப் பக்கமாக வெட்டிக் கழற்றி, அட்டையில் விரித்து வரைந்துகொள்ளுங்கள். இதற்கு இன்னொருவர் துணை வேண்டும்.

வெட்டும்போது கத்தி செங்குத்தாக நிற்கட்டும். ஃபோம் பிளேடை வெகு சீக்கிரம் மழுங்கடிக்கும். ஓரம் பிய்ந்து வரத் தொடங்கினால், கஞ்சத்தனம் பார்க்காமல் முனையை ஒடித்துவிடுங்கள்.

அடுத்தது சூடு. ஹீட் கன்னை ஓரிடத்தில் நிறுத்தாமல் அசைத்துக்கொண்டே காட்டினால், ஃபோமின் மேற்பரப்பில் லேசான பளபளப்பு ஏறும். வளைக்க அதுவே பதம். கையுறை போட்டுக்கொண்டு, முன்கைப் பருமனுள்ள பாட்டிலில் சுற்றி, ஆறும்வரை பிடித்திருங்கள். பாதிச் சூட்டில் விட்டால் பழையபடி விரிந்துவிடும்.

அலங்கார விளிம்புகளை ஒட்டும்போதுதான் அவசரம் ஆகாது. ஒட்டவேண்டிய இரண்டு பக்கங்களிலும் பசையை மெல்லியதாகத் தடவிக் காத்திருங்கள். விரலால் தொட்டால் பசை விரலில் வரக்கூடாது. அந்த நிலையில் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் உடனே பிடித்துக்கொள்ளும். நகர்த்திச் சரிசெய்ய வழியில்லை. எனவே ஒரு முனையில் தொடங்கி, கொஞ்சம் கொஞ்சமாகப் பொருத்திக்கொண்டு போங்கள். பசையின் ஆவி எளிதில் தீப்பிடிக்கும். அந்த ஆவி மூச்சில் போவதைத் துணி முகக்கவசம் தடுக்காது. ஜன்னலைத் திறந்துவைத்து, அடுப்பிலிருந்து தள்ளி உட்காருங்கள்.

ஃபோம் வண்ணத்தை உறிஞ்சும். வெள்ளை ஃபெவிகாலில் சிறிது தண்ணீர் கலந்து மூன்று, நான்கு மெல்லிய பூச்சு கொடுத்து, ஒவ்வொன்றையும் காயவிடுங்கள். பிறகு முழுவதும் கறுப்பு. அது காய்ந்ததும் தூரிகையில் வெள்ளி வண்ணத்தைத் தொட்டு, பழைய செய்தித்தாளில் கிட்டத்தட்ட எதுவுமே மிஞ்சாத அளவுக்குத் துடைத்துவிட்டு, மேடான இடங்களில் மட்டும் லேசாகத் தேயுங்கள். ஓரங்கள் தேய்ந்த இரும்பாகும். பள்ளங்களில் கறுப்பு அப்படியே தங்கும். எனக்கு இதில் மிகப் பிடித்த கட்டம் இதுதான்.

உள்பக்கம் வெல்க்ரோ ஒட்டினால் அணியத் தயார். மறுகைக்கு அதே அட்டையைத் திருப்பிப் போட்டு வரையுங்கள்.