பழைய விண்கப்பலை வெல்லவைக்கும் கதைகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதக் கடைசி ஞாயிற்றுக்கிழமை நல்லூரில் நடந்த எங்கள் கதை வாசிப்புக்கு ஏழு கையெழுத்துப் பிரதிகள் வந்திருந்தன. நண்பர் வீட்டு விறாந்தையில் பாய் விரித்து இருந்து ஒவ்வொன்றாக வாசித்தோம். ஏழில் மூன்று விண்வெளிக் கதைகள். மூன்றும் ஒரே கதைதான்: படையிலிருந்து ஓய்வு கொடுக்கப்பட்ட பழைய விண்கப்பல் ஒன்று, நேற்றுக் கட்டி முடித்த போர்க்கப்பல்களை எல்லாம் அடித்து வீழ்த்துகிறது. எழுதிய மூவரும் இருபத்தைந்து வயதைத் தாண்டாதவர்கள். ஒருவர் எழுதியதை மற்றவர் பார்த்ததுமில்லை. ஆனாலும் மூவரும் ஒரே இடத்தில் வழுக்கியிருந்தார்கள். பல ஆண்டுகளுக்கு முன் நான் வழுக்கிய இடம் அது.

இப்படியொரு கதை எழுத ஆசைப்படுவதை நான் குறை சொல்லமாட்டேன். யாழ்ப்பாணத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தானாகவே வரும். ஜாம் போத்தலில் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்ட விளக்கில் படித்தவர்களும், சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுற்றி ரைனமோ மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்டவர்களும் இன்னும் எங்களிடையே இருக்கிறார்கள். பழையது கைவிடாது என்பது இங்கே பலர் வாழ்ந்து கண்ட உண்மை. அந்த உண்மையைக் கதையில் கெடுத்துவிடக் கூடாது என்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

விண்வெளியில் வெடியோசை கேட்காது, ஒளியாண்டு என்பது தூரத்தின் அளவு என்பவற்றை நான் இங்கே சொல்லப்போவதில்லை. அவற்றை யாரும் ஒரு நாளில் திருத்திக்கொள்ளலாம்.

எதிரியை மூடனாக்குவது

புதிய கப்பலின் தளபதி ஆணவக்காரன். பின்னால் வருவதைத் திரும்பிப் பார்க்கமாட்டான். அவனுடைய வீரர்கள் குறி தவறிச் சுடுவார்கள். இப்படி எழுதினால் பழைய கப்பல் எதை வென்றது? முட்டாள்களை வெல்ல ஓட்டைப் படகு போதும்.

2003இல் புதிதாக எடுக்கப்பட்ட ‘பாட்டில்ஸ்டார் கலாக்டிகா’ தொலைக்காட்சித் தொடரைப் பார்த்தவர்கள் அதன் தொடக்கத்தை நினைத்துப் பாருங்கள். அங்கே புதிய போர்க்கப்பல்களைக் கட்டியவர்கள் மூடர்கள் அல்லர். கணினிகளை ஒன்றோடொன்று இணைத்தார்கள், எல்லாக் கப்பல்களுக்கும் ஒரே வழிசெலுத்தும் மென்பொருளைக் கொடுத்தார்கள். எந்தப் படையும் விரும்பக்கூடிய வசதி அது. அந்த மென்பொருளுக்குள் எதிரிகளான சைலோன்கள், அதாவது மனிதர்கள் படைத்து பின்னர் அவர்களையே எதிர்த்த இயந்திரங்கள், கள்ள வாசல் ஒன்றை வைத்திருந்தார்கள். போர் தொடங்கிய கணத்தில் புதிய கப்பல்கள் விளக்கணைந்து, சுடவும் முடியாமல் ஓடவும் முடியாமல் நின்றன. எந்த இணைப்பு அவற்றின் பலமோ அதன் வழியாகவே எதிரி உள்ளே வந்தான். அதைப் பார்த்தபோது எனக்கு உண்மையிலேயே அச்சமாக இருந்தது. எதிரில் நிற்பவன் அறிவாளி என்றால்தான் அந்த அச்சம் வரும்.

ஆயுதப் பட்டியல்

வெட்டிவிடுங்கள்.

பழையது என்பதற்காகவே வெல்லவைப்பது

இந்த ஒன்றைப் பற்றித்தான் நீளமாகச் சொல்ல வேண்டும். ஒரு பிரதியில் இதைக் கண்டால் இன்றும் எனக்குக் கோபம் வருகிறது. இதற்கு நான் கொடுத்த விலை பெரியது.

2012இல் என் முதல் நாவலைச் சொந்தச் செலவில் அச்சிட்டேன். ஐந்நூறு பிரதிகள். இரண்டு ஆண்டுச் சேமிப்பு முழுவதும் அதில் போனது. நூறாண்டு பழைய விண்கப்பல் ஒன்றைப் பகைவரின் பதினாறு புதிய கப்பல்கள் துரத்துகின்றன. அது இருநூறு பக்கம் ஓடுகிறது. கடைசி அத்தியாயத்தில் கப்பலின் அடித்தளத்தில் முன்னோர் பூட்டிவைத்த பேராயுதம் ஒன்று கிடைக்கிறது. ஒரே வீச்சில் பதினாறும் சாம்பல். அதை எழுதி முடித்த இரவு எனக்கு உடம்பு சிலிர்த்தது.

எங்கள் ஒழுங்கையில் வாடகைக் கார் ஓட்டி ஓய்ந்த அண்ணை ஒருவர் இருந்தார். நிறைய வாசிப்பவர். அவருக்கு ஒரு பிரதி கொடுத்தேன். ஒரு வாரம் கழித்துத் திருப்பிக் கொண்டுவந்தார். கடைசி அத்தியாயத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு வரி எழுதியிருந்தார்: “இது கையில் இருக்கும்போது இருநூறு பக்கம் ஏன் ஓடினார்கள்?”

என்னிடம் பதில் இல்லை. அவர் என்னைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். கிடுகுக் கொட்டகையின் கீழ் அவருடைய ஒஸ்ரின் ஏ-40 கார் நின்றது. முன்மூடியைத் தூக்கி, காபரேற்றருக்குப் பக்கத்தில் கம்பியால் கட்டியிருந்த சிறிய மருந்துப் போத்தலைக் காட்டினார். 1990இல் போர் மீண்டும் மூண்டு குடாநாட்டுக்குப் பெற்றோல் வராமற்போன பிறகு அந்தக் கார் மண்ணெண்ணெயில் ஓடியது. குளிர்ந்த எஞ்சின் மண்ணெண்ணெயைப் பிடிக்காது. அதனால் போத்தலில் இருந்த சொட்டுப் பெற்றோலில் முதலில் முடுக்குவார். எஞ்சின் சூடேறியதும் குழாயைத் திருப்பி மண்ணெண்ணெய்க்கு விடுவார். போத்தலின் அடியில் பழுப்பு நிறத்தில் கறை இன்னும் ஒட்டியிருந்தது. முகர்ந்து பார்த்தேன், மணம் போகவில்லை.

“அண்ணை, அப்படியென்றால் இது மற்றக் கார்களைவிட நல்ல கார்தானே?” என்று கேட்டேன்.

“இல்லைத் தம்பி. நல்ல பெற்றோல் கிடைக்கிற நாளில் புதுக் கார்கள் என்னை முந்திக்கொண்டு போகும். பெற்றோல் இல்லாத நாளில் அவை நின்றன, இது ஓடியது. ஓடியதற்கும் கணக்கு இருக்கிறது, பாரும்” என்றார்.

பிளக் ஒன்றைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தார். முனை முழுவதும் கரி. அந்த நாட்களில் அடிக்கடி பிளக்கைக் கழற்றிச் சுரண்டுவாராம். எரியாத மண்ணெண்ணெய் கீழே இறங்கி எஞ்சின் ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும், ஒயிலை முறைக்கு முந்தி மாற்ற வேண்டும், ஒயிலோ கிடைக்காது. நாலு பேருக்கு மேல் ஏற்றினால் திணறும். புகை பின் இருக்கைவரை வரும். ஆனாலும் பிரசவ வலியோடு இருந்த பெண்களை அந்தக் கார் இரவில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது.

அது ஏன் ஓடியது என்பதைப் பிறகு நானே தேடிப் படித்தேன். ஏ-40 வரிசையின் சோமர்செட் காரை 1952 முதல் 1954 வரை கட்டினார்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரும் பிரித்தானியாவில் சில ஆண்டுகள் தரம் குறைந்த பெற்றோல்தான் விற்கப்பட்டது. அதைத் தாங்குவதற்காக எஞ்சினின் அமுக்க விகிதத்தை, அதாவது எரிகலவையை எத்தனை மடங்கு நெருக்குகிறது என்ற அளவை, ஏழுக்கு ஒன்று என்ற அளவில் தாழ்த்தி வைத்தார்கள். நல்ல பெற்றோல் தாராளமாக வந்தபின் கட்டிய எஞ்சின்களில் அந்த விகிதம் உயர்ந்தது, பலமும் கூடியது. ஆனால் அவற்றுக்கு மண்ணெண்ணெய் கொடுத்தால் எரிபொருள் தாறுமாறாக வெடித்து உள்ளே தட்டத் தொடங்கிவிடும். எங்கோ ஒரு தேசத்தில், யாரோ பட்ட தட்டுப்பாடு அந்த இரும்புக்குள் பதிந்திருந்தது. நாற்பது ஆண்டு கழித்து அதே மாதிரித் தட்டுப்பாடு எங்கள் ஒழுங்கைக்கு வந்தபோது, அது எழுந்து ஓடியது.

என் நாவலில் இல்லாதது இதுதான். பழைய கப்பல் வெல்ல வேண்டுமென்றால், அது பிறந்த காலத்தின் ஆபத்து ஒன்று திரும்பி வர வேண்டும். அந்தத் தொடரின் பழைய கப்பலான கலாக்டிகாவைப் பாருங்கள். அது கட்டப்பட்ட காலத்தில் எதிரி கணினிகளுக்குள் புகுந்துவிடுவான் என்ற அச்சம் இருந்தது. அதனால் அதன் கணினிகள் இணைக்கப்படவில்லை. கப்பலுக்குள் பேசுவதற்குக் கம்பி கட்டிய தொலைபேசி. போர் முடிந்து 40 ஆண்டு அமைதியில் மற்றவர்கள் அந்த அச்சத்தை மறந்தார்கள். தளபதி அடாமா மட்டும் தன் கப்பலில் கணினிகளை இணைக்க விடவில்லை. கப்பலை அருங்காட்சியகமாக மாற்றுகிறார்கள், அதன் கடைசி விழா நடக்கிறது, அந்த நாளில் பழைய ஆபத்து திரும்பி வருகிறது. புதிய வைப்பர் விமானங்கள் வானத்தில் செயலிழக்க, காட்சிக்கு வைத்திருந்த பழைய வைப்பர்களை இறக்கிப் பறக்கிறார்கள். கப்பலில் போதிய வெடிமருந்துகூட இல்லை, அதைத் தேடி இன்னோர் இடத்துக்குப் போக வேண்டியிருக்கிறது. ஒளித்துவைத்த ஆயுதம் என்று எதுவும் அங்கே கிடையாது.

அதே தொடரில் பின்னர் பெகசஸ் என்ற கப்பல் வருகிறது. கலாக்டிகாவைவிடப் புதியது, பெரியது, ஆயுதபலம் கூடியது. அதுவும் தாக்குதலில் தப்பியிருந்தது, ஏனென்றால் அந்த வேளையில் அது பராமரிப்புக்காகக் கட்டுந்துறையில் நின்றது, அதன் கணினிகள் பெரும்பாலும் நிறுத்தப்பட்டிருந்தன. ஆகவே கப்பலைக் காத்தது வயது என்று சொல்ல முடியாது. கணினி இணைப்பு இல்லாமையே இரண்டையும் காத்தது. நேருக்கு நேர் போர் என்று வரும்போது பெகசஸ்தான் வலியது. நியூ காப்ரிக்கா என்ற கோளுக்கு மேலே கலாக்டிகா சாகும் நிலையில் இருந்தபோது வந்து காத்ததும் அந்தப் புதிய கப்பல்தான். இந்த நேர்மை இருப்பதால்தான் பழைய கப்பலின் வெற்றியை நாங்கள் நம்புகிறோம்.

சென்ற மாதம் வந்த மூன்று பிரதிகளில் ஒன்றில் கப்பலின் “ஆன்மா” விழித்து எதிரியை எரித்தது. ஒன்றில் மறந்துபோன பீரங்கி. இன்னொன்றில் பழைய உலோகம் புதிய உலோகத்தைவிட உறுதியானது என்று ஒரு வரி, அதற்கு மேல் விளக்கம் இல்லை. நான் மூவரிடமும் கேட்டது ஒன்றுதான்: உங்கள் கப்பலைக் கட்டியவர்கள் எதற்குப் பயந்தார்கள்?

மூவரும் கொப்பியை மூடிவைத்துவிட்டு யோசித்தார்கள்.

என் ஐந்நூறில் முந்நூற்றுக்கு மேற்பட்ட பிரதிகள் இன்னும் வீட்டில் இருக்கின்றன. யாராவது கேட்டாலும் கொடுப்பதில்லை.

வரலாற்றைப் பாதியில் நிறுத்துவது

இந்தக் கதை எழுதுபவர்கள் பிஸ்மார்க் கப்பலைக் கட்டாயம் உதாரணம் காட்டுவார்கள். 1940இல் சேவைக்கு வந்த ஜேர்மனியப் பெருங்கப்பல் அது. 1941 மே 26 அன்று, துணி போர்த்திய இரட்டை இறக்கை ஸ்வோர்ட்ஃபிஷ் விமானங்கள் பறந்து வந்து டோர்பிடோ போட்டன. ஒன்று சுக்கானில் பட்டு அதை இறுக்கிவிட்டது. திரும்ப முடியாத பிஸ்மார்க் அடுத்த நாள் மூழ்கியது. உண்மைதான்.

மீதியையும் வாசியுங்கள். 1942 பெப்ரவரி 12 அன்று ஆங்கிலக் கால்வாயில் ஜேர்மனியக் கப்பல்களைத் தாக்க அதே வகை ஸ்வோர்ட்ஃபிஷ் ஆறு சென்றன. ஆறும் சுட்டு வீழ்த்தப்பட்டன. 18 பேரில் 13 பேர் இறந்தார்கள். அத்திலாந்திக்கில் பிஸ்மார்க்குக்கு மேலே ஜேர்மனிய விமானம் ஒன்றும் இருக்கவில்லை. கால்வாயிலோ வானம் முழுவதும் அவர்களுடைய சண்டை விமானங்கள். இரண்டு நாட்களிலும் பறந்தது ஒரே விமானம்தான். உங்கள் விண்கப்பல் எந்த நாளில் பறக்கிறது என்று முதலில் முடிவு செய்யுங்கள்.

தளபதியின் உரை

இரண்டு வரிக்கு மேல் வேண்டாம்.

பழுது பார்க்க ஆளில்லாத கப்பல்

பழைய கப்பலுக்கு உதிரிப் பாகம் எங்கிருந்து வருகிறது? யார் கழற்றிப் பூட்டுகிறார்கள்? பெரும்பாலான பிரதிகளில் கப்பல் தானாக ஓடுகிறது, ஆட்கள் திரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்.

வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணி என்ற பாய்க்கப்பலை அமெரிக்கர் ஒருவர் வாங்கி, ஃபுளோரன்ஸ் சி. ரொபின்சன் என்று பெயர் மாற்றினார். நீராவிக் கப்பல்கள் கடலை ஆண்ட காலம் அது. 1938இல் அந்த மரக்கப்பல் அமெரிக்காவின் குளொஸ்டர் துறைமுகத்தைச் சென்றடைந்தது. அதைக் கொண்டுபோனவர்கள் வல்வெட்டித்துறைத் தண்டையலும் (கப்பல் தலைவர்) மாலுமிகளும். பாய் கிழிந்தால் தைக்கவும், பலகை இடுக்கில் நீர் கசிந்தால் அடைக்கவும் தெரிந்த கைகள் கப்பலிலேயே இருந்தன. பழைய கப்பலுக்கு அதுதான் பெரும் பலம்: கோளாறு எங்கே என்று கண்ணால் காணலாம், கையால் தொடலாம். உங்கள் கதையில் அந்தக் கைகளைக் காட்டுங்கள். ஒரு ஆணியை முறுக்கும் பெண்ணை ஒரு பக்கத்துக்கு எழுதினால், பதினாறு கப்பல்கள் வெடிப்பதைவிட அது மனதில் நிற்கும்.

வென்றபின் கப்பலைப் புதிதாக்குவது

மண்ணெண்ணெயில் ஓடிய எஞ்சின் மண்ணெண்ணெயில் ஓடியதுதான். போரில் மூடியிருந்த பாதை திறந்து பெற்றோல் வந்தபின்னும் அண்ணையின் கார் பழையபடி ஓடவில்லை. கலாக்டிகாவும் அப்படியே. தொடர் 2009இல் முடிவதற்குள் அதன் உத்திரங்களில் வெடிப்பு விழுந்துவிட்டது. வெடிப்புகளை அடைக்க எதிரியான சைலோன்களின் பொருளையே பூசவேண்டி வந்தது. ஒரு கணத்தில் நெடுந்தூரம் தாண்டும் கடைசிப் பாய்ச்சலில் கப்பலின் முதுகு முறிந்தது. அதன்பின் அது பாயவில்லை.

மூன்று பிரதிகளில் “ஆன்மா” விழித்த கதையை எழுதியவர் கரவெட்டியிலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு தங்கை. அவருடைய நாலாம் பக்கத்தில், வேறு எதற்கோ போகிற போக்கில், ஒரு வரி இருந்தது: கப்பலின் காற்று வடிகட்டிகளை ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கையால் கழுவிக் காயப்போட வேண்டும், புதிய கப்பல்களில் அந்த வேலை யாருக்கும் தெரியாது. அந்த வரியின் கீழ் பென்சிலால் கோடிட்டுப் பிரதியைத் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த ஞாயிறு அங்கிருந்து தொடங்கி எழுதிக்கொண்டு வருவதாகச் சொல்லியிருக்கிறார்.